ஒரு முரட்டு லென்ஸும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தும்

போட்டோ எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், அங்கே மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு 'சூப்பர்' என்கிற சொல். அதற்கு அடுத்தபடி மலிவு, 'நல்ல லென்ஸ் ஒண்ணு வாங்குங்க சார்' என்கிற அறிவுரை. முதலாவதால் படம் எடுத்தவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இரண்டாவது அவர் பர்ஸுக்கே கேடு. இது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் நீட்டி முழக்கிச் சொல்கிறேன், பொறுமை உள்ளவர்கள் கூடவே வாருங்கள்.

முதலில் அடியேன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்பர் ஆர்டர் கையில் திணித்த ஊர்களுக்கெல்லாம் மூட்டை கட்டி, இப்போது கொல்கத்தாவில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். இங்கே லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். அவர்களும் எங்களைப் போல வந்து போகிறவர்களுமாகச் சுமார் இருபது பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறோம். ஆளுக்கு மூன்று படம், ஒரு புரொஜெக்டர், ஃபில்டர் காபி. மூன்று வருடமாக அந்தக் கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு :)

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வட்டம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம், கார்த்திகை என்று போய் நிற்கச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை. தமிழில் வாய்விட்டுச் சிரிக்கவும் சண்டை போடவும் இந்த இருபது பேர்தான். அதனாலேயே ஒரு பயம். இவர் படம் நன்றாக இல்லை என்று சொல்லப் போய், அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டு லேகியம் நின்றுவிட்டால்? எதற்கு வம்பு, 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போவோம். எல்லோரும் இப்படியே நினைத்தார்கள். இரண்டு வருடம் கூட்டம் இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு மாமி வருவார். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. மார்க்கெட் பூக்கடைகளைத்தான் பெரும்பாலும் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் 'மாமி, பிரமாதம்' என்போம். திடீரென்று நின்றுவிட்டார். நடத்தும் பொறுப்பு எனக்கு வந்த மாதம், வீடு தேடிப் போய்க் கேட்டேன். மாமி சொன்ன பதில் இது: "போனா பிரமாதம்னு சொல்லி அனுப்பிடறேள். யாரும் படத்தைப் பாக்கறதில்லையே. அதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

பாராட்டு போரடித்து ஒருவர் விலகுவார் என்று யாராவது நினைத்திருப்போமா? யோசித்துப் பார்த்தால் மாமி சொன்னது சரிதான். காரணம் சொல்லாத பாராட்டு என்பது, கவுண்டரில் பாஸ்புக்கைப் பிரிக்காமலே 'எல்லாம் சரியா இருக்கு, போயிட்டு வாங்க' என்று திருப்பிக் கொடுப்பது மாதிரி. மரியாதையாகத் தெரியும். உள்ளே இருப்பது அலட்சியம்.

சரி, குறையைச் சொல்லலாம். எதைக் குறை என்று சொல்வது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கொடுத்தது ஒரு பழைய ரஷ்ய லென்ஸ். அதன் கதைக்கு வருவோம்.

எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமா பக்கத்துச் சந்தில் பழைய காமிராக் கடைகள் உண்டு. மெட்ரோ கலி என்பார்கள். அங்கே ஷட்டர் செத்துப்போன ஒரு ஸெனிட் காமிராவும் அதன் தலையில் ஹீலியோஸ் 44-2 லென்ஸும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். 58 மில்லிமீட்டர், எஃப் 2. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பார்த்து சோவியத் யூனியனில் செய்தது. ஸெனிட் காமிராக்களோடு லட்சக்கணக்கில் வெளியே வந்த சரக்கு. முழுக்க உலோகம். கீழே போட்டால் தரைக்குத்தான் ஆபத்து.

இதை இன்றைய காமிராவில் மாட்டுவதே ஒரு கணக்கு. திருகு வளையம் உள்ள பழைய எம்42 மவுண்ட். அந்த மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் இருக்கும் என்று கணக்கு வைத்து லென்ஸைச் செய்திருக்கிறார்கள். நிக்கான் எஸ்.எல்.ஆர். காமிராவில் அந்த இடைவெளி 46.5. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் அதிகம், அதற்கு மேல் அடாப்டரின் தடிமன் வேறு. ஆகவே தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது, நடுவில் இன்னொரு கண்ணாடி வைத்தால்தான் உண்டு. கேனான் இ.எஃப். மவுண்டில் 44, அங்கே அடாப்டருக்கு இடம் இருக்கிறது. மிர்ரர்லெஸ் காமிராக்களில் இந்த இடைவெளி இருபது மில்லிமீட்டரை ஒட்டித்தான், எனவே பிரச்சினையே இல்லை. என்னிடம் இருப்பது ஃபுல் ஃப்ரேம் மிர்ரர்லெஸ். தப்பித்தேன்.

தப்பித்தது மாட்டுகிற வரைக்கும்தான். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். எதுவரை மூட வேண்டும் என்று ஒன்றில் வைத்துக்கொண்டு, இன்னொன்றால் திறந்து மூட வேண்டும். எஃப் 2-இல் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். கண் கிடைத்தால் காது கிடைக்காது. அரை மீட்டருக்கு, அதாவது இந்த லென்ஸ் நெருங்கக்கூடிய எல்லைக்குப் போனால் ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. ஆள் மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். சூரியன் சைடிலிருந்து எட்டிப் பார்த்தால் படம் முழுக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும், ஒற்றைப் பூச்சு கொடுத்த கண்ணாடி அல்லவா.

பிடித்த பழக்கம் விடாது, நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்தேன். முதல் மாதம் என் பெண்ணை எடுத்த நூறு படங்களில் கண் தெளிவாக இருந்தவை ஆறு. மூன்றாம் மாத முடிவில் பதினெட்டு. "தொண்ணூறு நாளாச்சு, உங்க வங்கிக் கணக்குப்படி இது வாராக்கடன்தானே? எழுதித் தள்ளிடுங்க" என்றாள் வீட்டு அம்மணி.

எழுதித் தள்ளவில்லை. காரணம், இந்த லென்ஸ் செய்கிற ஒரு வித்தை. ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டரில் இருக்க, பின்னால் சில மீட்டர் தள்ளி இலை இடுக்கில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிய, எஃப் 2-இல் எடுத்தால் பின்னணி முழுக்க ஆளைச் சுற்றிச் சுழலும். ரவீந்திர சரோபர் மரங்களுக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தால் மரமெல்லாம் கும்மி அடிப்பது போல் இருக்கும். எஃப் 4 தாண்டினால் சுழல் அடங்கிவிடும். சின்ன சென்சார் காமிராவில் போட்டால் ஓரம் வெட்டுப்படுவதால் பாதிச் சுழல் காணாமல் போகும்.

இந்தச் சுழல் என்ன என்று பார்த்தால், சுத்தமான குறைபாடு. ஓரத்திலிருந்து சாய்வாக வரும் வெளிச்சத்தை லென்ஸின் விளிம்பே கொஞ்சம் வெட்டிவிடுகிறது. வட்டமாக விழ வேண்டிய புள்ளி பூனைக்கண் வடிவில் விழுகிறது. அந்தக் கண்களெல்லாம் நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்கின்றன. கூடவே லென்ஸ் பார்க்கிற தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால் ஓரம் இன்னும் கலைகிறது. லென்ஸ் செய்கிறவர்கள் பல தலைமுறைகளாகக் குறைக்கப் பாடுபட்ட தோஷங்கள் இவை.

இதுவும் புதிதல்ல. 1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு உருவாக்கிய போர்ட்ரெய்ட் லென்ஸ், அதற்கு முந்தையவற்றைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. மனிதர்களைக் குறைந்த நேரத்தில் படம் எடுக்க வழி பிறந்தது. ஆனால் ஓரமெல்லாம் சுழன்று கலங்கியது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். 2013-இல் அதே ஊரின் லோமோகிராஃபி நிறுவனம், பெட்ஸ்வால் லென்ஸைப் பித்தளையில் மறுபடி செய்து, அந்தச் சுழலையே விளம்பரமாகக் காட்டி, மக்களிடம் முன்பணம் திரட்டி விற்றது. 170 வருடத்தில் தோஷம் யோகமாகிவிட்டது!

எங்கள் கூட்டத்தில் இந்தப் படங்களைக் காட்டியதும் இரண்டு கட்சி. "பழைய கண்ணாடிக்கே ஒரு ஜீவன் உண்டு சார்" என்று ஒரு கோஷ்டி. "ஃபோகஸ் போன படத்துக்கு ஜீவன்னு பேரு வெச்சாச்சா?" என்று இன்னொரு கோஷ்டி. ஒரு மணி நேரம் அமளி. படத்தில் இருந்த பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு அளவுகோல் பிடிபட்டது. சொன்னால் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். கூப்பிட்டால் வருகிற குறை பாணி. கூப்பிடாமல் வருகிற குறை பிழை. எது எது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வர முடியுமா?"

சுழல் வேண்டும் என்று நினைத்தால் எந்தத் தூரம், எந்த மரம், எந்த வெளிச்சம் என்று எனக்கு இப்போது தெரியும். வேண்டாம் என்றால் எஃப் 5.6-க்குப் போய்விடுவேன். ஆகவே அது என் பாணி. வெளுத்துப் போகிற படங்களில் பாதி எனக்குக் கட்டுப்படுவதில்லை. அதைக் 'கனவு போல இருக்கு' என்று யார் பாராட்டினாலும் நான் வாங்கி வரவில் வைப்பதில்லை.

இந்த அளவுகோலுக்குப் பெரிய சாட்சியே இந்த ஊரில் பிறந்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன், 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 கடைசியில், இங்கிலாந்தில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த காமிராதான் அவருக்கு முதல் காமிரா. முகத்தை நெருங்கி, மெல்லிய கலங்கலோடு எடுத்தார். ஃபோகஸ் தெரியாத அம்மாள் என்று லண்டன் புகைப்படப் பத்திரிகைகள் வாரின. ஃபோகஸைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவதாக அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். 1875-இல் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-இல் அங்கேயே காலமானார். பத்து வருடத்துக்கு மேல், ஆளுக்கு ஆள், அதே மென்மை திரும்பத் திரும்ப வந்தது. கைதவறி வருவது அப்படி வரிசையாக வராது. அவருடைய தகடுகளில் கீறலும் விரல் ரேகையும்கூட உண்டு. இன்று அவற்றையும் ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரசிக்கட்டும், அவற்றை நான் பிழைக் கணக்கில்தான் எழுதுவேன்.

மாமி விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஆளுக்கு ஒரு பிடிமானம், ஒரு நழுவல் சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்தோம். அதாவது படத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது எது, கை நழுவிப் போவது எது. மாமியும் இரண்டு மாதம் யோசித்துவிட்டுத் திரும்ப வந்தார். ஒரு கல்லூரிப் பையன் தயங்கித் தயங்கி, "மாமி, உங்க படம் எல்லாமே வலது பக்கம் சாஞ்சிருக்கு" என்றான். இத்தனை நாளில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம். மாமி சும்மா விடவில்லை. "சிலது வேணும்னுதான் சாய்ச்சேன்" என்றார். "அப்போ அதே கடையை நேரா ஒண்ணு, சாய்ச்சு ஒண்ணு எடுத்துண்டு வாங்கோ" என்று தீர்ப்பு. அடுத்த மாதம் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். சாமந்தி மூட்டை சரிகிற படத்தில் சாய்வு ஜெயித்தது. மற்றதிலெல்லாம் நேர். மாமியே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதே கூட்டத்தில் ஒரு ஐ.டி. தம்பி சுழல் சுழலாகப் பத்துப் பூவைக் காட்டியபோது, "சுழல் நன்னா இருக்கு, பூ எங்கே?" என்று கேட்டதும் மாமிதான்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. பர்சனல் லோன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருகின்றன. பொழுதுபோக்குக்குக் கடன் வாங்குகிற குடும்பங்களின் தவணைக் கணக்கு எனக்குத் தெரியும். 'படம் ஷார்ப்பா இல்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், கேட்டவர் அறுபதாயிரத்துக்கு லென்ஸ் பார்க்கப் போய்விடுவார். 'கை ஆடியிருக்கு, ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்க' என்று சொன்னால் செலவு பூஜ்யம். 'தலைக்குப் பின்னால கம்பம் முளைச்சிருக்கு, ரெண்டு அடி தள்ளி நில்லுங்க' என்றாலும் பூஜ்யம். குறையைச் சரியாகப் பேர் சொல்லிச் சொன்னால் பெரும்பாலும் அதன் மருந்து இலவசம்.

இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒரு குழந்தை குட்டையைத் தாண்டிக் குதிக்கிற கணம் திரும்ப வருமா, அதைப் போய் இன்னொன்று எடு என்பது நியாயமா என்று ஒருவர் கேட்டார். குதி திரும்ப வராதுதான். ஆனால் குதியை உறைய வைத்த ஷட்டர் வேகமும், நின்ற இடமும், காத்திருந்த பொறுமையும் திரும்ப வரும். நான் கேட்பது அதை. அடுத்து, வாரம் பூராவும் ஆபீசில் டார்கெட், அப்ரைஸல் என்று மார்க் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் மார்க்கா என்கிறார்கள். இது எனக்கே உறைக்கிற கேள்வி. அதனால் படம் போடும்போதே 'பார்வைக்கு' அல்லது 'பேச்சுக்கு' என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருக்கிறோம். பார்வைக்கு என்றால் பார்த்து ரசித்துவிட்டு அடுத்த படம். முதல் வருடம் பாதிப் பேர் பார்வைக்கு என்றார்கள். இப்போது அப்படிச் சொல்வது இரண்டு மூன்று பேர்தான்.

கடைசியாக, நடத்துகிறவருக்கும் ஒரு வேலி வேண்டும். படத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. இதற்கும் இந்த ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1856-இல் தொடங்கிய வங்காளப் புகைப்படச் சங்கத்தில் ராஜேந்திரலால் மித்ரா என்ற அறிஞர் பொருளாளர். 1857 ஏப்ரலில் கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில், அவுரித் தோட்டத்து ஐரோப்பியர்களைக் கண்டித்துப் பேசினார். பேசியது வேறு மேடை, வேறு விஷயம். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சங்கத்து ஐரோப்பியர்கள் கொதித்தார்கள், அவரை நீக்கினார்கள். அவரோடு சேர்ந்து இந்திய உறுப்பினர்கள் சிலரும் வெளியேறினார்கள். சங்கம் இழந்தது, பின்னாளில் ஒடிசாவின் பழஞ்சின்னங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஒரு மேதையை.

நம் வட்டங்களும் படத்தால் உடைவதில்லை. தேர்தல், மொழி, சாதி என்று வெளியே யாரோ சொன்னதை உள்ளே இழுத்து வந்து உடைக்கிறோம். எங்கள் இருபது பேரில் எல்லாக் கட்சியும் உண்டு. வெளியே பேசியதற்கு இங்கே விசாரணை கிடையாது. உள்ளே ஒருவர் இன்னொருவர் படத்தைவிட்டு அவர் மேல் பாய்ந்தால், புரொஜெக்டரை அணைத்துவிட்டுக் காபி போடச் சொல்லிவிடுவேன். காபி ஆறுவதற்குள் ஆளும் ஆறிவிடுவார்.

உங்கள் ஊரில், டெல்லியோ புனேயோ ஆமதாபாதோ, இப்படி ஒரு வட்டம் இருந்தால் அடுத்த தடவை 'சூப்பர்' என்று வாய் வரை வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, எந்த இடம் சூப்பர் என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். காட்ட முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பாருங்கள். போட்டோவுக்கு மட்டும் என்றில்லை, பாட்டுக் கூட்டம், கோலப் போட்டி, பெண்களின் சமையல் குழு, எதற்கும் இது பொருந்தும். லேகியம் நிற்காது. அது என் உத்தரவாதம்.

ஹீலியோஸ் இப்போது நூற்றுக்கு நாற்பதில் நிற்கிறது. வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வந்தாயிற்று, முழு வசூலுக்கு இன்னும் நாள் பிடிக்கும்.